‘லிமிடெட்’ பட்டமும் அதன் கடமைகளும்

சேலம் கடைவீதிப் பெயர்ப்பலகைகளையும் நாமக்கல், திருச்செங்கோடு சாலைகளில் ஓடும் லாரிகளின் முகப்பையும் வாசித்துக்கொண்டே சென்றால், பெயருக்குப் பின்னால் ‘லிமிடெட்’ என்ற பட்டம் அடிக்கடி தென்படும். இந்தச் சீமைக்கு அது புதிதல்ல. 1935-ல் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் ஸ்தாபித்த மாடர்ன் தியேட்டர்ஸும் லிமிடெட் கம்பெனியே. பட்டத்தைச் சூட்டிக்கொள்ள ஆவலுள்ளவர் பலர்; அதற்குரிய கடமைகளை அறிந்தவர் சிலரே.

பட்டத்தின் பொருள் என்ன? கம்பெனி நொடித்துப் போனால், பங்குதாரர் தாமே ஜாமீன் கையெழுத்திட்டிருந்தாலொழிய, கடன் கொடுத்தவர்கள் அவருடைய வீட்டையும் நிலத்தையும் தொட முடியாது. பங்குக்குரிய முதலோடு அவர் பொறுப்பு தீர்ந்தது. இது பெரிய சலுகை அல்லவா? அச்சலுகைக்கு ஈடாகச் சட்டம் கேட்பது ஒன்றுதான்: கணக்கை ஊரறியத் திறந்து வை என்பதே அது.

2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, செப்டம்பர் 30-க்குள் வருஷாந்தரப் பொதுக்கூட்டம் நடைபெறவேண்டும். அதிலிருந்து 30 நாளில் வரவு செலவுக் கணக்கும், 60 நாளில் வருஷாந்தர அறிக்கையும் கோயமுத்தூரிலுள்ள கம்பெனிப் பதிவாளருக்குச் சேரவேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடும். 2008-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் அமைந்த வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைக்கோ, அறிக்கைக்கு மே 30-ம் கணக்குக்கு அக்டோபர் 30-ம் கெடு.

இனி வரிக்கு வருவோம். சேலத்தில் வக்கீலாயிருந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதம மந்திரியாகி, 1937-ல் மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவிலேயே தொடங்கினார். நாமக்கல் 1997 வரை அந்த ஜில்லாவைச் சேர்ந்ததுதான். கள்ளுக்கடை வருமானத்தின் நஷ்டத்தை ஈடு செய்ய 1939-ல் பிறந்தது விற்பனை வரி. 2017 ஜூலை முதல் அதன் இடத்தில் சரக்கு, சேவை வரி அமலில் இருக்கிறது; ராஜ்யத்துக்குள் நடக்கும் விற்பனைக்கான வரியில் சரிபாதி ராஜ்ய சர்க்காருக்கு.

நாமக்கல் முட்டைக்கு இந்த வரி கிடையாது. “வரியே இல்லாதபோது கணக்கு எதற்கு?” என்று கேட்பாரை நாம் கண்டிருக்கிறோம். இங்கேதான் ஆபத்து. நஷ்டமடைந்த கம்பெனியும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தாகவேண்டும். வியாபாரமே நடவாத வருஷத்திலும் பதிவாளருக்கு அறிக்கை போகவேண்டும். வியாபாரம் நடக்கிறதென்றால், அரை வருஷத்துக்கொருமுறை உள்ளூர் ஸ்தாபனத்துக்குத் தொழில் வரியும் உண்டு.

மூன்று வருஷம் தொடர்ந்து பதிவாளருக்குக் கணக்கோ அறிக்கையோ அனுப்பாத கம்பெனியின் டைரக்டர்கள் ஐந்து வருஷம் எந்தக் கம்பெனியிலும் புதிதாக டைரக்டராக முடியாது. 2017-ல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டன.

பிரைவேட் கம்பெனிக்கு டைரக்டர்கள் இருவராவது வேண்டும். ஆகவே மனைவியையோ வயதான தந்தையையோ ஒப்புக்குக் கையெழுத்திடச் சொல்வது நம் குடும்பங்களில் வழக்கம். தண்டனை வரும்போது சட்டம் ஒப்புக்கு டைரக்டர், உண்மை டைரக்டர் என்று பேதம் பாராட்டுவதில்லை. கையெழுத்துக் கேட்கப்படும் பெண்மணிகள், “கணக்கு அனுப்பியாயிற்றா?” என்று வருஷந்தோறும் கேட்கும் உரிமையையும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும். நடத்த மனமில்லாத கம்பெனியை, கடன்களைத் தீர்த்துவிட்டு, மனுச் செய்து முறைப்படி மூடலாம். பூட்டிய கடைக்கும் வாடகை ஏறும் என்பதை மறவாதிருப்போம்.