புயல் கூண்டும் பாதரசக் குழாயும்

ஐப்பசி பிறந்துவிட்டால் செய்தித்தாளில் தவறாமல் வரும் வரி இது: தூத்துக்குடி, பாம்பன், நாகப்பட்டினம் துறைமுகங்களில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. இரண்டு நாளில் அந்த எண் 3 ஆகும். சில சமயம் கூண்டு சத்தமில்லாமல் இறக்கப்படும். வாசிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூண்டைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். எண் பெரிதானால் ஆபத்தும் பெரிது என்பதோடு நம் அறிவு நின்றுவிடுகிறது.

துறைமுகத்தின் உயர்ந்த கொடிமரத்தில், பகலில் கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் கருப்பாகத் தொங்குபவைதான் இந்தக் கூண்டுகள். எது மேலே, எது கீழே, கூம்பின் முனை எந்தப் பக்கம் என்பதை வைத்துச் செய்தி மாறும். இருட்டிய பின் அதே செய்தியைச் சிவப்பு, வெள்ளை விளக்குகள் சொல்லும். மொத்தம் 11 செய்திகள். இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் ஒரே முறை என்று இது நடைமுறைக்கு வந்தது 1898 ஏப்ரல் 1 அன்று. செயற்கைக்கோள் படத்தை உள்ளங்கையில் பார்க்கிற இந்தக் காலத்திலும் பெரிய மாற்றமில்லாமல் அதுவே தொடர்கிறது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் காலியாவும் லாவோவும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய நாட்களில், அவற்றின் மாலுமிகளும் போட்டிக் கம்பெனி மாலுமிகளும் அண்ணாந்து பார்த்தது ஒரே முறைக் குறிகளைத்தான். வேறு எதில் பாரபட்சம் இருந்ததோ, இதில் இருக்க வழியில்லை.

கூண்டை ஏற்றும் யோசனை இங்கே பிறந்ததல்ல. சார்லஸ் டார்வினை பீகிள் கப்பலில் உலகம் சுற்ற வைத்த கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், பிறகு பிரிட்டனின் வானிலைத் துறையைத் தொடங்கி நடத்தினார். 1859-ல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் உடைந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டதும், தந்தியில் வானிலைச் செய்தி திரட்டித் துறைமுகங்களில் கூம்பும் உருளையும் ஏற்றும் முறையை 1861-ல் தொடங்கினார். மூன்றே ஆண்டில் வங்காள விரிகுடா தன் பங்குக்குப் பாடம் நடத்தியது. 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஹூக்ளி ஆற்றுக்குள் கடல் ஏறிச் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் இன்னொரு புயல். 1865-ல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தொடங்கியது. 1866-லும் 1871-லும் மழை பொய்த்த பிறகு, 1875-ல் ஹென்றி பிளான்ஃபோர்டு தலைமையில் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம் வந்து சேர்ந்தது.

அதற்கு வெகு முன்பே சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வுக் கூடம் கட்டியிருந்தது. நட்சத்திரம் பார்த்து நேரமும் தீர்க்கரேகையும் கணிப்பதுதான் அதன் முதல் வேலை. கப்பலுக்கும் நில அளவைக்கும் அவைதான் தேவை. வெயிலையும் மழையையும் குறித்து வைத்தது பக்கத்து வேலை. நட்சத்திர வேலை 1899-ல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. பக்கத்து வேலையோ அங்கேயே தங்கிப் பெரிய வேலையானது. இன்று சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் நிற்பது அதே வளாகத்தில்தான்.

கடற்கரை ஊர் ஒன்றில் இருந்த சாதாரண வானிலை நிலையம் இவ்வளவு ஆடம்பரமானதல்ல. வேலி போட்ட ஒரு திறந்தவெளி, கம்பத்தில் காற்றுத்திசைகாட்டி, தரையில் மழைமானி, அலுவலக அறைச் சுவரில் பாரமானி, அவ்வளவுதான். அந்தத் திறந்தவெளியின் நடுவே ஓர் ஓலைக் கொட்டகை இருக்கும். நான்கு பக்கமும் திறந்த, கூரை மட்டும் வேய்ந்த அந்தக் கொட்டகையில், மனிதரின் மார்பளவு உயரத்தில் வெப்பமானிகளைத் தொங்கவிட்டார்கள். இங்கிலாந்தில் அதற்குப் பயன்பட்டது வெள்ளையடித்த, சாய்சட்டம் வைத்த மரப்பெட்டி. தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர் வடிவமைத்தது அது. 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை அவர். நம் வெயிலுக்கு ஓலைக் கூரைதான் ஏற்றது என்று இந்தியாவில் பல பத்தாண்டுகள் கொட்டகையே நீடித்தது. 20-ம் நூற்றாண்டில்தான் அந்த மரப்பெட்டி எங்கும் வந்தது.

கொட்டகைக்குள் நான்கு வெப்பமானிகள். ஒன்று அன்றைய உச்சத்தையும் இன்னொன்று அதிகாலைக் குறைந்த அளவையும் பிடித்து வைக்கும். மற்ற இரண்டும் ஜோடி: ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கும், மற்றதன் குமிழில் ஈர மஸ்லின் துணி சுற்றியிருக்கும். துணியின் ஈரம் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்று வறண்டிருந்தால் ஆவியாதல் அதிகம், இரண்டு அளவுகளுக்கும் இடைவெளியும் அதிகம். அந்த இடைவெளியிலிருந்து காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கிடலாம். தூத்துக்குடி போன்ற உப்பள ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு மஸ்லினில் படிந்தால் ஆவியாதல் மந்தமாகும். வெப்பமானி உண்மையைவிடச் சற்று அதிகம் காட்டும், காற்று இருப்பதைவிட ஈரமாகத் தெரியும். ஆகவே கடலோர நிலையங்களில் துணியையும் திரியையும் அடிக்கடி மாற்றியாக வேண்டும்.

மழைமானி பார்க்க ஒன்றுமில்லாத சாமான். சைமன்ஸ் மழைமானி என்ற அந்தப் பழைய வகையில் 5 அங்குல வாயுள்ள ஒரு புனல், அடியில் ஒரு பாத்திரம். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 127 மில்லி தண்ணீர் சேரும். தனி அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் நேராக மழையளவு தெரிந்துவிடும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியையே தாண்டிய மழை அது. சைமன்ஸ் மழைமானியில் அதை அளந்திருந்தால் ஏறத்தாழ 12 லிட்டர் சேர்ந்திருக்கும். விடிய விடிய யாராவது ஒருவர் நனைந்துகொண்டே அளந்து கொட்டியிருக்க வேண்டும்.

காற்றின் வேகத்துக்கு நான்கு அரைக்கோளக் கிண்ணங்கள் சுழலும் காற்றுமானி. 1846-ல் இதை உருவாக்கிய அயர்லாந்துக்காரர் ராபின்சன், காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் கிண்ணங்கள் சுழலும் என்று வைத்துக்கொண்டார். உண்மையில் அந்த விகிதம் கிண்ணத்தின் அளவையும் கைகளின் நீளத்தையும் பொறுத்தது என்பது பிறகு தெரியவந்தது. 19-ம் நூற்றாண்டுக் காற்றுப் பதிவுகள் பல சற்று ஊதிப் பெருத்தவை என்பதை இன்று அவற்றைப் புரட்டுபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றை அது வரும் திசையோடும் பருவத்தோடும் சேர்த்தே அறிந்திருந்த கடலோரத்து மக்களுக்கு மைல் கணக்கு தேவைப்படவில்லை. முத்துக்குளிப்பு முழுக்க அந்த அறிவின் மேல்தான் நடந்தது. வாடைக்காற்று ஓய்ந்து கச்சான் வலுக்கும் முன், பங்குனி சித்திரையில் கடல் அடங்கித் தெளிந்திருக்கும் சில வாரங்கள்தான் சிப்பி கிடக்கும் கடலடிப் பார்களில் இறங்க ஏற்ற காலம். கடல் கலங்கிவிட்டால் சிப்பி கண்ணுக்குத் தெரியாது. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது.

இவை எல்லாவற்றையும்விட இந்தக் கரைக்கு முக்கியமானது அறைச் சுவரில் தொங்கிய பாரமானி என்பது என் கட்சி.

ஃபோர்ட்டின் பாரமானி என்பது மேல்முனை மூடிய ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் முக்கால் மீட்டர் உயரத்துக்குப் பாதரசம் நிற்கும். குழாயின் கீழ்முனை ஒரு பாதரசத் தொட்டிக்குள் அமிழ்ந்திருக்கும். தொட்டியின் அடி மெல்லிய தோல். அதைத் தாங்கி ஒரு திருகு. தொட்டிக்குள் தந்தத்தாலான ஒரு முள் கீழ்நோக்கி நிற்கும். அளவு பார்ப்பவர் முதலில் குழாயை விரலால் லேசாகத் தட்ட வேண்டும். பிறகு திருகை மெல்லத் திருகிப் பாதரசத்தை உயர்த்த வேண்டும். முள்ளும், பாதரசத்தில் தெரியும் அதன் பிம்பமும் நுனியோடு நுனி தொட்டதும் நிறுத்த வேண்டும். ஒரு மயிரிழை தாண்டினாலும் பாதரசத்தில் குழி விழும், மறுபடி முதலிலிருந்து. அதன் பின் மேலே போய், வெர்னியர் அளவுகோலைப் பாதரசத்தின் மேடான உச்சியோடு பொருத்தி, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை படிக்க வேண்டும். மூச்சு விடும் சூடும் கணக்கில் சேரும் என்பதால், பக்கத்திலிருக்கும் வெப்பமானியை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

படித்த எண் இன்னும் பச்சைதான். பாதரசம் சூட்டில் விரியும். 30 டிகிரி வெப்பத்தில், பனிக்கட்டி உருகுநிலைக்குரிய அளவைவிட 3.7 மி.மீ. அதிகமாகக் காட்டும். அடுத்தது ஈர்ப்பு. பூமி சுழல்வதாலும் இடுப்புப் பகுதியில் சற்றுப் பருத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டுக்கு அருகே எல்லாப் பொருளும் எடை குறைவு. உலகத்துக்கே பொதுவாக 45 டிகிரி அட்சரேகையைக் கணக்கில் கொண்டால், 9 டிகிரிக்கும் கீழே உள்ள தூத்துக்குடியில் அதே காற்றழுத்தத்துக்குப் பாதரசம் ஏறக்குறைய 2 மி.மீ. கூடுதலாக நிற்கும். இந்தத் திருத்தங்களைச் செய்யாமல் விட்டால் வரும் பிழை, புயலுக்கு முந்தைய அறிகுறியைவிடப் பெரிது.

இதெல்லாம் முடிந்தாலும் இன்னொன்று பாக்கி. வெப்பமண்டலத்தில் காற்றுக்கும் ஏற்றவற்றம் உண்டு. காலை 10 மணியளவில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். மாலை 4 மணியளவில் அடிமட்டம். இரவு 10-க்கு மறுபடி ஏறி, விடியற்காலை 4-க்கு மறுபடி இறங்கும். சூரியன் வளிமண்டலம் முழுவதையும் சூடாக்குவதால் எழும் அலை இது. பகல் பொழுதின் ஏற்ற இறக்கம் நம் பக்கத்தில் 3 முதல் 4 மில்லிபார் வரை போகும். ஐரோப்பாவில் அடிக்கடி கடந்துபோகும் மேகக் கூட்டமும் புயல்களும் இதை மறைத்துவிடும். இங்கே கடிகாரம் வைத்தாற்போல் நடக்கிறது. உருளையில் வாரத்தாளைச் சுற்றி, மைமுனையால் தானே கோடிழுக்கும் பாரவரைவியில் இதை நேராகப் பார்க்கலாம்: ஒரு நாளுக்கு இரண்டு மேடு, இரண்டு பள்ளம், வாரம் முழுக்க மாறாமல். தொடக்க காலத்தில் இந்திய நிலையங்களில் காலை 10, மாலை 4 என்று அளவெடுக்கும் நேரங்களை வைத்ததற்குக் காரணமும் இதுதான்.

இந்த ஒழுங்குதான் பாரமானியை நம் கடலில் இவ்வளவு கூர்மையான கருவியாக்கியது. மாலையில் 3 மில்லிபார் குறைந்தால் ஒன்றுமில்லை. அது அன்றாட நடப்பு. அந்த நேரத்துக்கும் அந்தப் பருவத்துக்கும் உரிய அளவிலிருந்து 3 மில்லிபார் குறைந்தால் மாலுமி உஷாராக வேண்டும். 5 மில்லிபார் குறைந்தால் பக்கத்தில் எங்கோ புயல் இருக்கிறது என்றே முடிவு செய்யலாம். கப்பல்காரர்களின் பழைய விதி இது, இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

ஆனால் ஒரு நிலையத்தின் பாரமானியால் புயல் இருக்கிறது என்று சொல்ல முடியுமே தவிர, எங்கே, எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரே நேரத்தில் பல ஊர்களில் எடுத்த அளவுகள் ஒரே மேசைக்கு வர வேண்டும். தந்தி அதைச் சாத்தியமாக்கியது. பல ஊர்களில் அளவெடுத்தவர்கள் மருத்துவமனையிலோ வேறு அலுவலகத்திலோ வேலை பார்த்துக்கொண்டு இதையும் பகுதி நேரமாகச் செய்தவர்கள். அழுத்தம், காற்று, மழை, வெப்பம் எல்லாவற்றையும் எண்களாகச் சுருக்கித் தந்தியில் அனுப்பினார்கள். வங்கக் கடலுக்கான வரைபடம் கல்கத்தாவில் தயாரானது. எச்சரிக்கை திரும்பவும் தந்தியில் வந்து, துறைமுகத்தில் கூண்டு ஏறியது.

கூண்டுகளின் எண்களைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1-ம் 2-ம் தொலைவில் கடலில் நடப்பதைச் சொல்பவை. துறைமுகத்துக்கு அப்போதைக்குப் பாதிப்பில்லை, புறப்படும் கப்பல் யோசிக்கட்டும் என்று அர்த்தம். 3-ம் 4-ம் துறைமுகத்தையே குறித்தவை. 5, 6, 7 மூன்றும் ஆபத்தில் ஒரே அளவு. 6 என்றால் 5-ஐவிட மோசம் என்று நினைப்பது தவறு. புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் வைத்துக் கரையேறும் என்றால் 5, வலப்பக்கம் வைத்தால் 6, துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில் வந்தால் 7. இதே மூன்றும் கடும் புயலுக்கு 8, 9, 10. இடமா வலமா என்பது கப்பலுக்கு உயிர்ப் பிரச்சினை. மேற்கு நோக்கி வரும் புயல் தூத்துக்குடிக்கு வடக்கே கரையேறினால் இங்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். தெற்கே ஏறினால் கிழக்கிலிருந்து அடித்துக் கடலைக் கரைக்கு ஏற்றும், நங்கூரமிட்ட தோணியையும் சேர்த்துத்தான்.

இந்த முறை கப்பல்களுக்காகவும் சரக்குக்காகவும் செய்யப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொடிமரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருப்பவருக்கே கூண்டு பேசும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி குமரிக்கடலில் மளமளவென்று புயலாக வலுத்தபோது, ஆழ்கடலுக்குப் போய் நாட்கணக்காகிவிட்ட விசைப்படகுகளுக்கு எந்தத் துறைமுகக் கூண்டும் தெரிந்திருக்காது. படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகுதான் வலுத்தது.

11 எண்களில் கடைசி எண் புயலைப் பற்றியே பேசுவதில்லை. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பது மட்டுமே 11-ம் எண் கூண்டின் செய்தி. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்ததைப் போன்ற புயலில் முதலில் போவது கம்பிகள்தான் என்பது அதை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 11 ஏறியபின் மையத்திலிருந்து எதுவும் வராது. துறைமுக அதிகாரியும் கப்பல் கேப்டன்களும் அவரவர் பாரமானியை மணிக்கு மணி படித்து, திருத்தம் போட்டு, அந்த 3 மில்லிபார், 5 மில்லிபார் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.