பனங்கட்டியும் குருதிக்கலன்களும்

தென்மராட்சியிலே, கொடிகாமத்தைச் சூழ்ந்த ஊர்களிலே, வெறுந்தேநீரைப் பனங்கட்டியுடன் அருந்துதல் நெடுங்கால வழக்கமாகும். சீனியை விலக்குமாறு பணிக்கப்பட்ட சலரோகிகளுட் சிலரும், பனை தந்த இனிப்புத் தீங்கு செய்யாதென எண்ணிக் குட்டானை அருகில் வைத்திருப்பதுண்டு. இவ்வெண்ணம் பொருந்துமா என்பதைக் குருதிக்கலன்களின் அனுசேபத்தைக் கொண்டு ஆராய்தல் தகும்.

சுண்ணாம்பு பூசிய முட்டியிற் சேரும் கருப்பநீரிலுள்ள வெல்லம் பெரும்பாலும் சுக்குரோசே. கரும்புச் சீனியும் அதுவே. கருப்பநீரைக் காய்ச்சிப் பெறும் பனங்கட்டியிற் சிறிதளவு கனியுப்புக்கள் உண்டென்பது உண்மை. எனினும், சுக்குரோசு சிறுகுடலிலே குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிளவுற்றபின், குருதியிற் கலக்கும் குளுக்கோசு பனையினின்று வந்ததோ கரும்பினின்று வந்ததோ என்பதைக் கலம் அறியாது.

குருதிக்கலன்களின் உட்புறத்தை ஒற்றைப் படையாகப் போர்த்திருப்பவை அகவணிக் கலங்கள். கலன் தளர்ந்து விரிவதற்கு இவை இன்றியமையாதன என்பதை 1980இல் றொபேட் பேர்ச்கொற் காட்டினார். இவை விடுக்கும் பொருள் நைத்திரிக்கு ஒட்சைட்டு எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இத்துறை ஆய்வுக்காக அவரும் இக்னாறோ, முறாட் ஆகிய இருவரும் 1998இல் நோபெல் பரிசு பெற்றனர்.

ஒட்சிசன் நிறைந்த குருதியை அடுத்திருந்தும், இக்கலங்கள் தமது சக்தியின் பெரும்பங்கை ஒட்சிசன் வேண்டாத கிளைக்கோப்பகுப்பினாலேயே பெறுகின்றன. தசைக்கலம் குளுக்கோசை மிகுதியாக ஏற்பதற்கு இன்சுலினின் ஏவல் வேண்டும். அகவணிக் கலத்துக்கோ அவ்வேவல் வேண்டுவதில்லை. குருதியிற் குளுக்கோசு மிகும்போது கலத்தினுள்ளும் அது மிகும். அப்போது இழைமணிகளில் தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் கூறுகள் தோன்றிக் கிளைக்கோப்பகுப்பின் நொதியமொன்றைத் தளர்த்துகின்றன என 2001இல் மைக்கேல் பிறவுண்லீ விளக்கினார். நேர்வழி தடைப்படவே, வெல்லம் பக்கவழிகளிற் செல்கிறது. ஒரு பகுதி சோபிற்றோலாக மாறுகிறது. ஒரு பகுதி புரதங்களுடன் பிணைந்து அவற்றைக் கெடுக்கிறது. நைத்திரிக்கு ஒட்சைட்டும் குறைகிறது. விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றுக்கு உணவூட்டும் நுண்கலன்கள் இதனாற் பழுதுறுகின்றன.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை, இன்சுலினிற் தங்கிவாழும் 1,441 சலரோகிகளிடம் நிகழ்ந்த ஆய்வு, குளுக்கோசைக் கட்டுப்படுத்தியோரிடம் இப்பழுதுகள் பெரிதும் குறைந்தமையைக் காட்டியது. ஆய்வு முடிந்து பல்லாண்டுகள் சென்றும் அந்நன்மை நிலைத்திருந்தது. ஆதலால் தொடக்கத்திலேயே பேணுதல் சாலச் சிறந்தது.

பனை எமக்குக் கற்பகதரு என்பதில் ஐயமில்லை. ஆயினும், சலரோகமுடையோர் பனங்கட்டியையும் சீனிக் கணக்கிலேயே சேர்த்தல் வேண்டும். வீட்டிலுள்ள முதியோர்க்கு இதனை எடுத்துரைப்பது கற்ற இளைஞரின் கடமையாகும்.