பரணிலிருந்து இறங்கும் பரணி

நவம்பர் பிறந்தால் கேரளக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் பரணிலிருந்து சீனப் பரணி கீழே இறங்கிவிடும். கிறிஸ்துமஸ் கேக்குக்குத் துணையாக ஒரு சின்ன கிளாஸ் வைன் இருந்தே ஆக வேண்டும்!

கறுப்புத் திராட்சை ஒரு கிலோவுக்குச் சர்க்கரை முக்கால் கிலோ, காய்ச்சி ஆறிய தண்ணீர், கொஞ்சம் ஈஸ்ட், கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. ஈரமில்லாத மரக்கரண்டியால் தினமும் ஒருமுறை கிளறி, 21-ம் நாள் வடிகட்டுவார்கள்.

பலர் கோட்டை விடுவது மூடியில்தான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும்போது கார்பன் டை ஆக்ஸைடும் கிளம்பும். அதனால்தான் பரணியின் வாயைத் துணியால் கட்டுகிறார்கள். பொங்குவது அடங்கும் முன் பாட்டிலில் அடைத்து இறுக்கினால், அழுத்தம் தாங்காமல் கண்ணாடி வெடித்துச் சிதறும். வடித்த பிறகும் திறந்தே வைத்தால் வினிகராகப் புளித்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல், சட்டம். உரிமம் இல்லாமல் வீட்டில் வைன் தயாரிப்பது குற்றம் என்று 2019 டிசம்பரில் கேரள கலால் துறை எச்சரித்தது. தமிழ்நாட்டிலும் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. ‘வீட்டுக்கு மட்டும்தானே’ என்ற சமாதானம் எடுபடாது.

வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு ஆங்கிலோ-இந்திய வீடுகளின் இஞ்சி வைன் இருக்கிறது. பெயரில்தான் வைன்; ஈஸ்ட்டும் இல்லை, போதையும் இல்லை. நசுக்கிய இஞ்சி 100 கிராம், பட்டை, கிராம்பு, அரை கிலோ சர்க்கரையை ஒரு லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஆறியதும் இரண்டு எலுமிச்சையைப் பிழிய வேண்டும். நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரைப் பாகு ஒரு ஸ்பூன். ஃப்ரிட்ஜில் வைத்து, தண்ணீர் கலந்து குடிக்கலாம். குழந்தைகளுக்கு இஞ்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.