கற்ற நேரத்தின் பெறுமதி: கடல் கடந்த கல்வியில் மதிப்பலகும் நிதியும்

அறிவு தேடிப் பயணிக்கும் மாணவனை இரண்டு கேள்விகள் எக்காலத்திலும் பின்தொடர்ந்தே வந்துள்ளன. அங்கு கற்றதை இங்கு யார் ஏற்றுக்கொள்வார்கள் என்பது ஒன்று. கற்கும் காலத்தில் உணவும் உறைவிடமும் எங்கிருந்து கிடைக்கும் என்பது மற்றொன்று. இன்றைய பல்கலைக்கழக வழக்கில் முதற் கேள்விக்குரிய விடை கிரெடிட் எனப்படும் மதிப்பலகு. இரண்டாவதற்குரிய விடை புலமைப்பரிசில், கடன், குடும்பத்தின் சேமிப்பு ஆகிய மூன்றில் ஒன்று. இவ்விரண்டும் வெவ்வேறு விடயங்களாகத் தோன்றினும், நடைமுறையில் ஒன்று தவறினால் மற்றையதும் பயனற்றுப் போகின்றது. ஏற்றுக்கொள்ளப்படாத ஓராண்டுப் படிப்பு என்பது இரு முறை செலவு செய்யப்பட்ட ஓராண்டே.

நமது முன்னோர் முதற் கேள்விக்குக் கண்ட விடை இஜாஸா. அது ஒரு நிறுவனம் வழங்கிய சான்றிதழன்று; ஓர் ஆசிரியர் தம்மிடம் ஒரு நூலைக் கற்றவருக்கு, அதனைப் பிறருக்கு அறிவிப்பதற்கு அளித்த அனுமதி. கி.பி. 1326இல் திமிஷ்க் வந்தடைந்த இளைஞர் இப்னு பதூதா, அங்கு பல அறிஞர்களிடம் இஜாஸா பெற்றார். அவர்களுள் ஸைனப் பின்த் அல்-கமால் என்ற பெண் அறிஞரும் ஒருவர். பின்னாளில் டில்லியிலும் மாலைதீவிலும் அவர் காழியாக அமர்ந்தபோது எந்த நாட்டு அமைச்சும் அவரது சான்றுகளைச் சமப்படுத்திப் பார்க்கவில்லை. ஆசிரியரின் பெயரே போதுமானதாயிருந்தது. ஆயினும் இம்முறையை அளவுக்கு மீறிப் புகழ்வதும் சரியன்று. ஆசிரியரின் பெயர் அறியப்படாத ஊரில் அந்த இஜாஸா வெறும் தாள்தான். நூலை முழுமையாகக் கேட்காதோருக்கும், சிறு குழந்தைகளுக்கும்கூட இஜாஸா வழங்கப்பட்ட காலமும் இருந்தது.

இரண்டாவது கேள்விக்கான விடை வக்ஃப். ஹி. 631இல் (கி.பி. 1234) பக்தாதில் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவில், நான்கு மத்ஹபுகளுக்கும் மாணவர் தொகை வரையறுக்கப்பட்டு, அவர்களின் உணவும் மாதாந்த உதவித்தொகையும் வக்ஃப் சொத்துக்களின் வருமானத்திலிருந்து வழங்கப்பட்டன. அல்-அஸ்ஹரில் மக்ரிபியர், துருக்கியர், சிரியர், ஜாவாவினர் எனப் பிரதேசவாரியாக 'ரிவாக்' என்னும் விடுதிப் பிரிவுகள் இருந்தன. அவற்றின் மாணவருக்கு நாள்தோறும் ரொட்டிப் பங்கு அளக்கப்பட்டது. வெளியூர் மாணவனுக்கு ஆகும் செலவை ஒரு நிலையான சொத்தின் மீது சுமத்தியமையே இந்த ஏற்பாட்டின் சிறப்பு. ஆண்டுதோறும் யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை.

நவீன பல்கலைக்கழகம் தேசிய அரசின் நிறுவனமாக மாறியபோது பட்டம் என்பது அரசின் முத்திரையாயிற்று. அதனால் எல்லை கடந்த படிப்பு ஐயத்துக்குரியதாயிற்று. இதற்கு எடுத்துக்காட்டாக எப்போதும் சொல்லப்படுவது இத்தாலியப் பெண்மணி சோஃபியா கொர்ராதியின் அனுபவம். ரோமில் சட்டம் பயின்ற அவர், ஃபுல்பிரைட் புலமைப்பரிசிலில் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று முதுமாணிப் பட்டம் பெற்று 1958இல் திரும்பினார். அந்தப் படிப்பைத் தமது இத்தாலியப் பட்டத்துக்குக் கணக்கிலெடுக்குமாறு அவர் கேட்டபோது, ரோமில் அது நிராகரிக்கப்பட்டது. போதாக்குறைக்கு அவர் ஏளனத்துக்கும் உள்ளானார். அந்த ஓராண்டை அவர் மீண்டும் இத்தாலியில் படித்தே பட்டம் பெற்றார். பின்னர் இத்தாலியப் பல்கலைக்கழக வேந்தர்களின் மாநாட்டுக்கு ஆலோசகராகப் பணியாற்றிய அவர், 1969 முதல், வெளிநாட்டில் கற்ற காலம் தாயகப் பட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட வேண்டும் என எழுதியும் வாதாடியும் வந்தார். 2025இல் அவர் காலமானபோது ஐரோப்பாவெங்கும் 'எராஸ்மஸின் தாய்' என்றே நினைவுகூரப்பட்டார்.

ஐரோப்பிய சமூகம் 1987இல் தொடக்கிய எராஸ்மஸ் திட்டத்தின் முதலாண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர் மட்டுமே பயணித்தனர். பணம் ஒதுக்குவது எளிதாயிருந்தது. படிப்பைக் கணக்கிடுவதே கடினமாயிருந்தது. பிரான்சில் ஒரு பாடம், ஜெர்மனியில் ஒரு கருத்தரங்கு, இங்கிலாந்தில் ஒரு கட்டுரை ஆகியவற்றை எந்தத் தராசில் நிறுப்பது? 1989இல் வணிக நிர்வாகம், வேதியியல், வரலாறு, இயந்திரப் பொறியியல், மருத்துவம் ஆகிய ஐந்து துறைகளில், 145 நிறுவனங்களில் ஒரு பரிசோதனை தொடங்கியது. அதன் பெயர் ஐரோப்பிய மதிப்பலகு மாற்று முறைமை. 1999இல் 29 நாடுகள் கையெழுத்திட்ட பொலோஞ்ஞாப் பிரகடனத்தின் பின்னர் அது கண்டத்தின் பொது நாணயமாயிற்று.

அதன் அடிப்படை எளிமையானது. ஒரு முழுநேர மாணவன் ஓராண்டில் செய்யும் மொத்த உழைப்பு 60 மதிப்பலகுகள். விரிவுரையில் அமர்ந்த நேரம் மட்டுமன்றி, நூலகத்திலும் ஆய்வுகூடத்திலும் பரீட்சைக்கான தயாரிப்பிலும் கழிந்த நேரமும் இதில் அடங்கும். ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணித்தியாலங்கள் எனக் கொண்டால், ஒரு மதிப்பலகு 25 முதல் 30 மணித்தியாலங்கள். மூன்றாண்டு இளமாணிக்கு 180, நான்காண்டுக்கு 240. அதன் மேல் முதுமாணிக்கு 60 முதல் 120. ஆசிரியர் யார், எந்த நூல் என்ற இஜாஸாவின் கேள்விகள் இங்கு பின்னகர்ந்து, எத்தனை மணித்தியாலம் என்ற கேள்வி முன்வந்துவிட்டமை கவனிக்கத்தக்கது. இது இழப்புத்தான், எனினும் அறிமுகமற்ற இரு நிறுவனங்கள் ஒன்றையொன்று நம்புவதற்கு வேறு வழி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆனால் உலகம் முழுவதும் ஒரே நாணயம் இல்லை. அமெரிக்காவில் முழுநேர மாணவனின் ஓராண்டு 30 மதிப்பலகுகள். அந்த எண்ணத்தின் வரலாறு சுவையானது. 1905இல் ஆன்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியரின் ஓய்வூதியத்துக்கென ஒரு கோடி டொலர் வழங்கினார். எது உண்மையான கல்லூரி எனத் தீர்மானிக்க வேண்டியிருந்த அவரது அறக்கட்டளை, உயர்நிலைப்பள்ளிப் பாடத்தை 120 மணித்தியால அலகாக வரையறுத்தது. படிப்பை நேரத்தால் அளக்கும் வழக்கம் வேரூன்றியமைக்கு, ஆசிரியரின் முதுமைக்காலச் செலவுக்கான ஓர் அறக்கொடை முக்கிய காரணமாயிற்று! பிரித்தானியாவில் ஓராண்டு 120 மதிப்பலகுகள், ஒவ்வொன்றும் 10 மணித்தியாலம். இந்தியாவில் 2023இல் வெளியான தேசியச் சட்டகம் ஆண்டுக்கு 1,200 மணித்தியாலம், 40 மதிப்பலகுகள் என்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகம் (2012) 1,500 மணித்தியாலம், 30 மதிப்பலகுகள் என வகுத்துள்ளது. அதாவது நமது ஒரு மதிப்பலகு 50 மணித்தியாலம். ஐரோப்பாவின் இரண்டுக்குச் சமம்.

இந்தக் கணக்கு வெறும் தகவலன்று. இலங்கையில் மூன்றாண்டுப் பட்டம் முடித்த மாணவியின் பெறுபேற்றுப் பத்திரத்தில் 90 மதிப்பலகுகள் என்றிருக்கும். 180 கேட்கும் ஓர் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் அலுவலர் அந்த எண்ணை மட்டும் பார்த்தால், பாதிப் படிப்பு எனக் கருதி விண்ணப்பத்தை ஒதுக்கிவிட இடமுண்டு. உண்மையில் அவள் முழுத் தகுதியும் உடையவள். எனவே ஒரு மதிப்பலகு எத்தனை கற்றல் மணித்தியாலம், முழுநேர ஆண்டுக்கு எத்தனை மதிப்பலகுகள் என்ற இரண்டு வரிகளைப் பதிவாளரிடமிருந்து எழுத்தில் பெற்று இணைப்பது அவசியம். நான்காண்டுச் சிறப்புப் பட்டதாரியின் 120 அவ்வாறே 240 ஆகும். அவருக்கு ஓராண்டு முதுமாணியின் கதவும் திறக்கலாம். இந்திய மாணவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் அவரது 120 மதிப்பலகுகள் 180; மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் ஒப்பிட்டால் 120 முதல் 144 வரை மட்டுமே. எந்த முறை கையாளப்படும் என்பதை விண்ணப்பிப்பதற்கு முன்னரே கேட்டறிந்துகொள்வது நன்று.

நமது அரபுக் கல்லூரிகளில் ஏழாண்டுகள் கற்ற ஆலிமின் நிலை இதனிலும் கடினமானது. எந்த நூல் யாரிடம் கற்கப்பட்டது என்ற பழைய முறையில் அமைந்த சான்றிதழை, மணித்தியாலக் கணக்கை மட்டும் அறிந்த அலுவலகம் வாசிக்கவே இயலாது. அல்-அஸ்ஹர் போன்ற நிறுவனங்கள் 'முஆதலா' என்ற சமப்படுத்தலின் வழியாக இத்தகைய கல்லூரிகளின் சான்றிதழ்களை ஏற்கின்றன. பிற பல்கலைக்கழகங்களுக்கு அது போதாது. பாடவாரியாக, ஆண்டுவாரியாக, வாராந்த மணித்தியாலங்களுடன் ஒரு விவரப் பத்திரம் தயாரிப்பதற்குப் பெரும் செலவேதும் இல்லை. கல்லூரி நிர்வாகங்கள் ஒரு விடுமுறைக் காலத்தில் செய்து முடிக்கக்கூடிய பணி அது. இன்றும் பல இடங்களில் அது செய்யப்படாமலிருப்பது விளங்கிக்கொள்ளக் கடினமானது.

சில மாதங்கள் மட்டும் வெளிநாட்டில் கற்று, தாயகத்தில் பட்டம் பெறுவோருக்கான பாதுகாப்பு 'கற்றல் உடன்படிக்கை' என்ற ஆவணம். மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய முத்தரப்பும் புறப்படுமுன் அதில் கையொப்பமிடுகின்றன. எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்பது அதில் முன்கூட்டியே எழுதப்படுகிறது. திரும்பிய பின் பேராசிரியரின் மனநிலை எப்படியிருப்பினும் அந்த ஏடு பேசும். புள்ளிகளை மாற்றுவது வேறொரு கலை. இத்தாலியில் 30க்கு 18 சித்தி, ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 சித்தியின் எல்லை. பிரான்சில் 20க்கு 16 பெற்றவர் அரிது. பிரெஞ்சு 16ஐ நேரடியாக 80 சதவீதமாக்குபவர் அந்த மாணவருக்கு அநீதி இழைக்கிறார். ஆகவே அந்தந்த நிறுவனத்தில் எத்தனை சதவீதத்தினர் எந்தப் புள்ளி பெறுகின்றனர் என்ற பரம்பல் அட்டவணையை ஒப்பிடும் முறை இப்போது கையாளப்படுகின்றது.

சட்டத்தின் துணையும் சிறிது உண்டு. 1997இன் லிஸ்பன் உடன்படிக்கை, கணிசமான வேறுபாடு காட்டப்பட்டாலன்றி வெளிநாட்டுத் தகைமையை மறுக்கலாகாது என்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு மறுப்பவரையே சாரும். யுனெஸ்கோ 2019இல் நிறைவேற்றிய உலகளாவிய உடன்படிக்கை 2023 மார்ச் 5இல் நடைமுறைக்கு வந்தது. அதுவும், ஏற்று உறுதிப்படுத்திய நாடுகளுக்கிடையே இதே நெறியையே வகுக்கின்றது.

இனி நிதி. எராஸ்மஸ் மாணவர் ஏற்கும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் செலுத்துவதில்லை. கிடைக்கும் உதவித்தொகை மேலதிகச் செலவுக்கான பங்களிப்பு மாத்திரமே. முழுச் செலவையும் அது ஈடுசெய்யாது. அதனாலேயே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே அதிகம் பயணிக்கின்றனர் என்ற விமர்சனம் தொடக்கம் முதல் உண்டு. 2021-2027 காலத்துக்கு ஏறத்தாழ 2,600 கோடி யூரோ ஒதுக்கப்பட்டபோது, வாய்ப்புக் குறைந்த மாணவருக்கு மாதம் 250 யூரோ கூடுதலாக வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள நமக்கு நேரடியாகப் பயன்படுவது எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணித் திட்டம். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். குறைந்தது இரு நாடுகளில் கற்க வேண்டும். தெரிவானோருக்கு அக்காலத் திட்டத்தில் மாதம் 1,400 யூரோ, 24 மாதங்கள் வரை, கட்டணமும் இல்லை. இங்கு மதிப்பலகும் நிதியும் ஒரே கட்டாக வருவதால் திரும்பி வந்து வாதாட வேண்டிய தேவை குறைகிறது.

புலமைப்பரிசில் கிட்டாதோர் சொந்தப் பணத்தை நாட வேண்டும். ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல், விசா கோரும் மாணவர் ஓராண்டுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் வைப்பிலிடுவதை எதிர்பார்க்கின்றது. 2022இல் டொலரின் பெறுமதி சில மாதங்களில் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை உயர்ந்தபோது, பிள்ளைகளை ஏற்கெனவே அனுப்பிவிட்ட இலங்கைக் குடும்பங்கள் பட்ட அவதியை இங்கு விவரிக்கத் தேவையில்லை.

வங்கிக் கடன் எனில் வட்டி. வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு ஒரு முன்மாதிரி நாற்பதாண்டுகளாக இருந்துவருகிறது. இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி, உறுப்பு நாடுகளல்லாத நாடுகளின் முஸ்லிம் சமூகங்களுக்கென 1983இல் தொடக்கிய புலமைப்பரிசில் திட்டத்தில், பணம் சமூகத்துக்கு நன்கொடையாகவும் மாணவருக்கு வட்டியற்ற கடனாகவும் (கர்ழ் ஹஸன்) அமைந்தது. தொழில் பெற்ற பின் மாணவர் அதனை வங்கிக்கன்றி உள்ளூர் நம்பிக்கை நிதியத்துக்குத் திருப்பிச் செலுத்துகிறார். அதிலிருந்து அடுத்த மாணவர் படிக்கிறார். ஸகாத்தைப் பொறுத்தவரை, சம்பாதிக்க ஆற்றலிருந்தும் மார்க்கக் கல்வியில் ஈடுபட்டதால் சம்பாதிக்க இயலாதவருக்கு அதனை வழங்கலாம் என இமாம் நவவி (ரஹ்) எழுதியுள்ளார். மருத்துவமும் பொறியியலும் பயில்வோருக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் இக்கால அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கர்ழ் ஹஸன் நிதியம் அந்த வேறுபாட்டுக்கு உட்பட்டதன்று. அதன் பலவீனம் வேறிடத்தில் உள்ளது. உள்ளூர் நாணயத்தில் கடனைத் திருப்பிப் பெறும் நிதியம், வெளிநாட்டு நாணயத்தில் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தால், 2022 போன்ற ஓராண்டில் அதன் வாங்குதிறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வெளிநாட்டிலேயே தொழில் பெற்ற பழைய மாணவர் கற்ற நாட்டின் நாணயத்திலேயே திருப்பிச் செலுத்த உடன்பட்டால் இக்குறை பெருமளவு நீங்கும். இதனைக் கடன் ஒப்பந்தத்தின் முதல் நாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.