ஸ்டேக்கில் பின்னோக்கிச் செல்லும் வழி
மின்சார ஸ்கூட்டரின் கட்டுப்பாட்டுச் சில்லில் ஓடும் நிரல் திடீரென நின்றால், நின்ற இடம் மட்டும் தெரிந்து பயனில்லை. எந்த வழியாக அங்கே வந்தது என்பதே கேள்வி.

ஒரு செயற்கூறு இன்னொன்றை அழைக்கும்போது, திரும்பவேண்டிய முகவரி பெரும்பாலும் 'ஸ்டேக்' என்னும் நினைவக அடுக்கில் ஏறும். பிழை தேட உதவும் 'டிபக்கர்' மென்பொருள் அந்த முகவரிகளை வரிசையாகப் படித்து வந்த வழியைச் சொல்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜிடிபி, இவ்வகையில் புகழ்பெற்ற திறமூல மென்பொருள். ஒரு முகவரி பிசகினால் மீதி எல்லாமே பொய். அதுவும் நம்பத்தக்க தோற்றமுள்ள பொய்.

சிக்கல், ஓடும் நிரலை இடையில் நிறுத்தி வேறு வேலைக்குத் திருப்பும் குறுக்கீடுகளில்தான். பரவலாகப் புழங்கும் ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சில்லுகளில், குறுக்கீடு வந்ததும் வன்பொருளே 8 பதிவேடுகளை, அதாவது 32 பைட்டுகளை, ஸ்டேக்கில் சேமிக்கிறது. மிதவைப்புள்ளிக் கணக்கு நடந்துகொண்டிருந்தால் 104 பைட்டுகள் ஒதுக்கப்படும். போதாக்குறைக்கு ஸ்டேக்குகளே இரண்டு. பாதுகாப்புப் பகுதி பிரிக்கப்பட்ட சில்லுகளில் நான்கு. எந்த ஸ்டேக், எந்த அளவு என்பதை இணைப்புப் பதிவேட்டில் வைக்கப்படும் ஒரு சிறப்பு மதிப்பின் பிட்டுகள் சொல்லும்.

அந்தப் பிட்டுகளை முழுமையாகக் கணக்கில் கொள்ளாததால் ஜிடிபி முன்பு தடுமாறியது. 2022இல் சேர்ந்த திருத்தங்கள் இவற்றைப் பிரித்தறியவும், வழி தெரியாத இடத்தில் நின்றுவிடவும் அதற்குக் கற்றுக்கொடுத்தன. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் புதியதற்கு மாறுவதே நல்லது.