வெட்டாமல் கிடைக்கும் கறி: நமக்குப் போட்டியா?

கோழியை அறுக்காமல் கோழிக்கறி கிடைக்குமா? கிடைக்கும் என்று அமெரிக்காவில் காட்டியிருக்கிறார் உமா வலேட்டி. ஆந்திராவின் விஜயவாடாவில் பிறந்தவர். தந்தை கால்நடை மருத்துவர். புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்து, அமெரிக்கா சென்று இதய நிபுணர் ஆனார்.

மாரடைப்பால் பழுதான இதயத் தசையை ஸ்டெம் செல்களைக் கொண்டு சரிசெய்யும் ஆய்வில் இருந்தபோது, இதே முறையில் கறியையும் வளர்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 2015-ல் கலிபோர்னியாவில் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய அப்சைட் ஃபுட்ஸ். 2023 ஜூனில் அதன் கோழிக்கறியை விற்க அமெரிக்க வேளாண் துறை அனுமதி அளித்தது.

எப்படி வளர்கிறது?

கோழியிலிருந்தோ முட்டையிலிருந்தோ சிறிதளவு செல்களை எடுத்து, நன்றாகப் பெருகுபவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூடிய எஃகுத் தொட்டியில், உடல் சூட்டின் அளவுக்கு வெப்பம் வைத்து, சர்க்கரை, அமினோ அமிலம், தாது உப்பு, வைட்டமின் கலந்த திரவத்தில் வளர்க்கிறார்கள். இரண்டு மூன்று வாரங்களில் அறுவடை.

செல் பெருக வளர்ச்சிப் புரதங்களும் தேவை. முன்பு இதற்குக் கன்றுக் கருவின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை நம்பியிருந்தார்கள். இப்போது நுண்ணுயிர்களின் மரபணுவை மாற்றி, அவற்றையே அப்புரதங்களைச் சுரக்க வைக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கான இன்சுலினும் இப்படித்தான் தயாராகிறது.

எங்கே இடிக்கிறது?

கோழி செல் இரண்டாகப் பெருக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். தொட்டியில் நோய் எதிர்ப்புச் சக்தி கிடையாது. கிருமி புகுந்தால் மொத்தமும் வீண். ஆகவே செலவு இன்னும் அதிகம்தான். எதிர்ப்பும் உண்டு: புளோரிடா மாநிலம் 2024-ல் இதன் விற்பனைக்குத் தடை விதித்தது.

நம் நாட்டில் இன்னும் ஆய்வு நிலைதான். மீன் செல்களை வளர்க்கும் ஆய்வில் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024-ல் இறங்கியது.

ஆடு, கோழி வளர்ப்போர் இப்போதே அஞ்ச வேண்டியதில்லை. தொட்டி கறி தரலாம். வயலுக்கு எரு தராது, அவசரத்துக்கு விற்றுப் பணமாக்கக் குட்டியும் ஈனாது. ஆனால் கறியை மட்டும் நம்பியிருக்கும் பெரிய கோழிப் பண்ணைகள் இதைக் கவனித்துவர வேண்டும். செல்களுக்கும் தீனி வேண்டும். அந்தச் சர்க்கரையும் அமினோ அமிலமும் மக்காச்சோளம், சோயா போன்ற பயிர்களிலிருந்தே வர முடியும். தொட்டியில் வளர்ந்தாலும் அந்தக் கறிக்கு உழவன் தேவை.