வீசிய காற்று திரும்பி வருமா?

கயத்தாறு!

இந்தப் பெயரைக் கேட்டதும் வீரபாண்டிய கட்டபொம்மன் நினைவுக்கு வருவார். 1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி வெள்ளையர்கள் அவரைத் தூக்கில் போட்டது இந்த ஊரில்தான்.

இன்று கோவில்பட்டியில் இருந்து நெல்லைக்குப் பஸ்சில் போகிறவர்கள் இங்கே வேறொரு காட்சியையும் பார்க்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள்! ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்றில் அவை விர்விர் என்று சுற்றுகின்றன.

மத்திய அரசின் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் கயத்தாறில் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. எவ்வளவு காற்று அடித்தால் ஒரு காற்றாலை எவ்வளவு மின்சாரம் தரும் என்று அளந்து பார்க்கும் இடம் அது.

இப்படி அளப்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான விதி உண்டு. 10 நிமிடத்துக்கு ஒரு சராசரி எடுக்க வேண்டும். குறைந்தது 180 மணி நேரக் கணக்கு சேர வேண்டும். மெல்லிய காற்று முதல் பலத்த காற்று வரை, ஒவ்வொரு வேகத்துக்கும் குறைந்தது அரை மணி நேரக் கணக்கு வேண்டும்.

இத்தகைய கணக்கு எல்லாம் இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில்தான் சேருகிறது.

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டால் வேறு வாங்கலாம். ஆனால் போன ஆடியில் வீசிய காற்றை எங்கே வாங்குவது? விட்டுப்போன கணக்குக்காக மறுபடியும் காற்றுக் காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான்!

கல்யாணமும் காற்றும்

காற்று மட்டும்தானா அப்படி?

ஒரு சின்ன ஊரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் 40 கல்யாணங்களின் படங்கள் இருக்கின்றன. ஒரு நாள் காலையில் சுவிட்சைப் போட்டால் 'கட கட' என்று ஒரு சத்தம். திரை கறுப்பாகவே நிற்கிறது.

வாசலில் ஒரு தாய் வந்து நிற்கிறாள். "அண்ணாச்சி, எம் மக கல்யாண ஆல்பம் எப்பம் கிடைக்கும்?"

அந்த மனிதர் என்ன பதில் சொல்வார்? தாலி கட்டிய நேரத்தை மறுபடியும் கொண்டு வர முடியுமா?

கடையின் கடன் கணக்கு, பள்ளிக்கூடத்து மார்க் பட்டியல், டாக்டரின் நோயாளிக் குறிப்பு எல்லாம் இப்படித்தான். கருவியின் விலை சில ஆயிரம். அதற்குள் இருப்பதற்கு விலையே இல்லை.

சுழலும் தட்டு

கம்ப்யூட்டருக்குள் இவற்றை எழுதி வைக்கும் பெட்டிக்கு 'ஹார்டு டிஸ்க்' என்று பெயர். 1956-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்டு டிஸ்கை வெளியிட்டது. அதில் 50 பெரிய தட்டுகள் இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன். அவ்வளவு பெரிய எந்திரத்தில் 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கின. இன்று விரல் நகம் அளவு உள்ள ஒரு செல்போன் கார்டில் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு அடங்குகிறது.

இன்றைய ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. அதன்மேல் ஒரு சிறிய முனை பறந்துகொண்டே எழுதுகிறது, படிக்கிறது. தட்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. முனை தட்டில் உரசினால் தீர்ந்தது! சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்குகளும் வந்துவிட்டன. அவற்றுக்கும் ஆயுள் உண்டு.

இரட்டைப் பிள்ளைகள்

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு டிஸ்க்குக்குப் பதிலாக இரண்டு டிஸ்க்குகளை வைப்பது. ஒன்றில் எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் அதே நேரத்தில் மற்றொன்றிலும் எழுதுவது. கண்ணாடியில் முகம் தெரிவதுபோல் ஒன்றில் உள்ளது மற்றதிலும் இருப்பதால் இதைக் 'கண்ணாடி முறை' என்பார்கள்.

1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர், பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறைகளை வரிசைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு 'ரெய்டு' என்று பெயர் வைத்தார்கள். அந்த வரிசையில் முதல் முறை கண்ணாடி முறைதான்.

இதில் ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது வேலை செய்யும். கடை மூடாது. வேலை நிற்காது.

ஆனால் இதிலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வேலை நிற்காததால், ஒரு டிஸ்க் செத்ததே பலருக்குத் தெரிவதில்லை! இரட்டை மாட்டு வண்டி ஒற்றை மாட்டுடன் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மாடும் விழுந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

ஆகவே மாதம் ஒரு முறையாவது இரண்டு டிஸ்க்குகளும் நலமா என்று பார்க்க வேண்டும். ஒன்று கெட்டிருந்தால் உடனே மாற்ற வேண்டும். புது டிஸ்க் பழையதன் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பழையதில் உள்ளது முழுவதும் புதியதில் ஏறி முடியப் பல மணி நேரம் ஆகும். அதுவரை மிஞ்சிய டிஸ்க் ஒற்றையாள்தான். எனவே முதலில் முக்கியமானவற்றை வெளியே பிரதி எடுத்துவிட்டு, பிறகு மாற்றுவதே புத்திசாலித்தனம்.

கண்ணாடி காப்பாற்றாது!

இரட்டை டிஸ்க் போட்டாகிவிட்டது. இனிக் கவலை இல்லை என்று நினைக்கலாமா?

கூடாது! கண்ணாடி முன் நின்று அழுதால் கண்ணாடியில் உள்ள உருவமும் அழும். முகத்தில் கரி பூசினால் அதற்கும் கரி. அதேபோல, கை தவறி ஒரு படத்தை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அந்தக் கணமே அழிந்துவிடும்.

கை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஹாலிவுட்டில் நடந்த சம்பவம் சாட்சி.

1998-ல் பிக்சார் கம்பெனி 'டாய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் படத்தைக் கம்ப்யூட்டரில் தயாரித்துக் கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தவறுதலாக ஓர் உத்தரவைத் தட்டினார். கண் எதிரே படத்தின் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. படத்தின் பெரும்பகுதி போய்விட்டது!

பிரதியைத் தேடினார்கள். பிரதி எடுக்கும் ஏற்பாடு சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் தலையில் கை வைத்தார்கள்.

கேலின் சுஸ்மன் என்ற பெண்மணி அந்தப் படத்தின் தொழில்நுட்ப இயக்குநர். பிள்ளை பெற்றிருந்த அவர் வீட்டில் இருந்தே வேலை பார்த்தார். அதற்காகப் படத்தின் ஒரு பிரதி அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வைகளில் சுற்றி, காரில் பச்சைக் குழந்தையைப்போல் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது. 1999-ல் வெளியாகி வெற்றியும் பெற்றது.

ஆபீசில் இருந்த பிரதி உதவவில்லை. வீட்டில் இருந்த பிரதி உதவியது!

தீயும் வெள்ளமும்

2025-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி தென்கொரியாவில், தேஜோன் நகரில் இருந்த அரசாங்கக் கம்ப்யூட்டர் மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த 'ஜி டிரைவ்' எரிந்துபோனது. போனது 858 டெராபைட். அதற்கு வெளியிடத்தில் பிரதி இல்லை. கம்ப்யூட்டர் தொழிலில் பெயர் பெற்ற நாட்டுக்கே இந்தக் கதி!

அவ்வளவு தூரம் போவானேன்? 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் வரலாறு காணாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வீடுகளிலும் கடைகளிலும் வெள்ளம் புகுந்தது. வெள்ளம் புகுந்த அறையில் இரண்டு டிஸ்க் இருந்தால் என்ன, பத்து இருந்தால் என்ன?

திருடனும் உண்டு. 2017-ம் ஆண்டு மே மாதம் 'வான்னக்ரை' என்ற வைரஸ் ஏறக்குறைய 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. இத்தகைய வைரஸ், கம்ப்யூட்டருடன் மாட்டியே வைத்திருக்கும் பிரதி டிஸ்க்கையும் பூட்டிவிடக்கூடும்.

மூன்று, இரண்டு, ஒன்று

பிறகு என்னதான் செய்வது? தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் சூத்திரம் சுலபமானது.

எதுவும் மூன்று பிரதி இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

போட்டோ ஸ்டூடியோக்காரர் இப்படிச் செய்யலாம். கம்ப்யூட்டரில் ஒன்று. தினமும் இரவு, வெளியே மாட்டும் டிஸ்க்கில் ஒன்று. எடுத்து முடிந்ததும் அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட வேண்டும். மூன்றாவதை இன்டர்நெட் வழியே வெளியிடத்தில் சேமிக்கலாம். அல்லது வாரம் ஒரு முறை இன்னொரு டிஸ்க்கில் எடுத்து, வெளியூரில் உள்ள தங்கை வீட்டில் கொடுத்து வைக்கலாம். கண்ணாடி டிஸ்க் இருந்தாலும் அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இன்னொன்று மிக முக்கியம். எடுத்து வைத்த பிரதியை அவ்வப்போது திறந்து, நாலு படத்தையாவது பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதி, நகை இருக்கிறதா என்று பார்க்காமலே பூட்டி வைத்த பெட்டி.

ஏட்டுச் சுவடி சொல்லும் பாடம்

இது கம்ப்யூட்டர் காலத்துப் புது யோசனை அல்ல. பனையோலைக்குக் கறையானும் பூச்சியும் எதிரிகள். ஆகையால் நம் முன்னோர்கள் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதினார்கள். பல ஊர்களில் பல வீடுகளில் பிரதிகள் இருந்தன. அதனால்தான் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து, ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, பழந்தமிழ் நூல்களை அச்சேற்ற முடிந்தது.

அதே நெல்லைச் சீமையில் கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலுக்கும் அவர் ஏடு தேடிப் போனார். அங்கே இருந்த பழைய ஏடுகளைச் சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து, தீயில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர் துடித்துப் போனார்.

வேறு ஊரில் பிரதி இருந்த நூல் பிழைத்தது. ஒரே பிரதியாக இருந்த நூல் நெருப்போடு போயிற்று.

ஆடி பிறந்தால் கயத்தாறில் மறுபடியும் காற்று வீசும். ஆனால் அது புதுக்காற்று. போன ஆண்டுக் காற்று, எழுதி வைத்த கணக்கில்தான் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரிலும் அப்படி ஏதாவது இருக்கும். இன்று இரவே அதற்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள்!